தயிரும் கரப்பனும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கச்சான் காற்று வீசத் தொடங்கி வியர்வையும் புழுதியும் கூடும் மாதங்களில் தோல் வருத்தங்கள் பற்றிய கடிதங்கள் இப்பகுதிக்கு அதிகமாக வருவது வழமை. இம்முறை வந்தவற்றுள் நான்கு கடிதங்கள், வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதப்பட்டிருந்தும், ஒரே பொருளைச் சுற்றியே நிற்கின்றன: தயிரில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பிள்ளைகளின் கரப்பனுக்கும் உள்ள தொடர்பு. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளாமல் இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனது மகனுக்கு மூன்று வயது. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னங்களில் தொடங்கிய கரப்பன் இப்போது முழங்கை மடிப்புகளிலும் முழங்காலின் பின்புறத்திலும் நிற்கிறது. இரவில் சொறிந்து சொறிந்து இரத்தம் கசிகிறது. வைத்தியர் பூசுவதற்கு ஸ்டீரொயிட் கிறீம் ஒன்று தந்தார். அதைத் தொடர்ந்து பூசப் பயமாக இருக்கிறது. தயிரிலுள்ள நல்ல பற்றீரியாக்கள் இந்த வருத்தத்தை மாற்றும் என்று வெளிநாட்டு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்களாம் என்று அயல்வீட்டு அக்கா சொல்கிறார். மாமியோ, தயிர் குளிர்ச்சி, கொடுத்தால் கரப்பன் கூடும் என்கிறார். கிறீமை நிறுத்திவிட்டு எருமைத் தயிரைக் கொடுக்கலாமா? புண்ணின் மேல் தயிரைப் பூசலாமா?
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: கிறீமை நிறுத்த வேண்டாம், தயிரையும் நிறுத்த வேண்டாம், ஆனால் தயிரைத் தோலில் பூசவே வேண்டாம். இந்த மூன்றுக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனெனில் காரணம் தெரியாத அறிவுரை அடுத்த வீட்டாரின் பேச்சில் கரைந்துவிடும்.

நாம் கரப்பன் என்றும் வைத்தியர்கள் எக்சிமா என்றும் சொல்லும் இந்த ஒவ்வாமைத் தோலழற்சியில் இரண்டு குறைகள் ஒன்றையொன்று வளர்க்கின்றன. முதலாவது, தோலின் வேலி பலவீனமாக இருப்பது. தோலின் மேற்படையை இறுக்கிக் கட்டி ஈரத்தை உள்ளே நிறுத்தும் ‘பிலாக்ரின்’ என்ற புரதத்தை ஆக்கும் மரபணுவில் உள்ள குறைபாடு இந்நோய்க்கு ஒரு முக்கிய காரணம் என்பதை 2006 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் டண்டி நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிடுகு இற்றுப்போன வேலியால் கோழியும் ஆடும் நுழைவதைப் போல, அத்தகைய தோலினூடாகத் தூசும் கிருமிகளும் உணவுத் துகள்களும் உள்ளே நுழைகின்றன. உள்ளிருக்கும் ஈரமோ வெளியேறித் தோல் வறண்டு வெடிக்கிறது. இரண்டாவது, உள்ளே நுழைந்தவற்றை எதிர்கொள்ளும் நிர்ப்பீடனத் தொகுதி அளவுக்கு மீறிப் பதற்றப்படுவது. அந்தப் பதற்றமே சிவப்பாகவும் வீக்கமாகவும் தாங்க முடியாத கடியாகவும் வெளிப்படுகிறது. பிள்ளை சொறிகிறான், சொறிந்த இடத்தில் வேலி இன்னும் உடைகிறது, உடைந்த இடத்தால் இன்னும் அதிகம் நுழைகிறது. உங்கள் மகன் இரவில் படும் துன்பம் இந்தச் சுழற்சிதான். அவன் குறும்புக்காகச் சொறியவில்லை என்பதை வீட்டிலுள்ள எல்லாரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இதில் பற்றீரியாக்கள் எங்கே வருகின்றன? நமது குடலின் சுவரை ஒட்டி நிர்ப்பீடனக் கலங்கள் பெருந்தொகையாக இருக்கின்றன. குடலில் வாழும் நுண்ணுயிர்களோடு நாளாந்தம் பழகுவதனூடாகவே, எதைப் பகையாகக் கொள்வது, எதைப் பொறுத்துப்போவது என்று அவை பயில்கின்றன. ஜப்பானில் ‘என்சி/நாகா’ என்றொரு சுண்டெலி இனம் உண்டு. நோய்க்கிருமிகள் விலக்கப்பட்ட அறையில் வளர்த்தால் அதன் தோல் நன்றாக இருக்கும். சாதாரண அறையில் வளர்த்தால் மனிதரின் கரப்பனைப் போன்ற தோலழற்சி தானாகவே வரும். இத்தகைய எலிகளுக்கும், தோலில் இரசாயனம் பூசி அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்கும், புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த லக்ரோபசிலஸ் வகைப் பற்றீரியாக்களைக் கொடுத்த பல ஆய்வுகளில் தோல் வீக்கம் குறைந்திருக்கிறது. ஒவ்வாமையோடு தொடர்புடைய ‘ஐஜிஈ’ என்ற பிறபொருளெதிரி இரத்தத்தில் குறைந்திருக்கிறது. பதற்றத்தைத் தணிக்கும் ‘டி’ கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்கள் கூடியிருக்கின்றன. சில ஆய்வுகளில் சூடாக்கிக் கொல்லப்பட்ட பற்றீரியாக்களும் அதே பயனைத் தந்தன என்பது இன்னும் வியப்பானது. உங்கள் அயல்வீட்டு அக்காவின் காதுக்கு எட்டிய செய்தி இத்தகைய ஆய்வுகளிலிருந்தே வந்திருக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எலிக்கும் மகனுக்கும் இடையில் நாம் கடக்க வேண்டிய தூரம் அதிகம்.

அந்தத் தூரத்தைக் கடந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். எக்சிமா ஏற்கெனவே உள்ளவர்களுக்குப் புரோபயோட்டிக், அதாவது உடலுக்கு நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிர்களைக் கொடுத்துச் செய்யப்பட்ட 39 ஆய்வுகளை, மொத்தம் 2,599 பேரின் தரவுகளோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழுவினர் 2018 ஆம் ஆண்டு ஒன்றாகத் தொகுத்து நோக்கினார்கள். கடியும் தூக்கமின்மையும் நோயாளியின் உணர்வில் ஏறக்குறைய மாறவேயில்லை. நோயின் கடுமையை 103 புள்ளிகளில் அளக்கும் அளவுகோலில் சராசரியாக 4 புள்ளிக்கும் குறைவான வித்தியாசமே கிடைத்தது. அது ஒரு தாயின் கண்ணுக்கும் பிள்ளையின் தோலுக்கும் புலப்படக்கூடிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வுகளில் கொடுக்கப்பட்டவை எண்ணி அளந்த, பெயரும் இலக்கமும் குறிக்கப்பட்ட நுண்ணுயிர்கள். அவற்றாலேயே இவ்வளவுதான் என்றால், முட்டித் தயிரை நம்பிக் கிறீமை வீசுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

ஸ்டீரொயிட் கிறீம் பற்றிய உங்கள் பயத்தை நான் இலேசாக எண்ணவில்லை. மிகவும் வலிமையான கிறீமை மாதக்கணக்காக, வைத்தியரைக் காணாமல், முகத்திலும் மடிப்புகளிலும் பூசினால் தோல் மெலிவது உண்மை. பாமசியில் தாமாகவே வாங்கிப் பூசி அவ்வாறு ஆனவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ற வலிமையுள்ள கிறீமை, சிவந்து கடிக்கும் நாட்களில், சொன்ன அளவில் பூசி, தணிந்ததும் குறைப்பது வேறு விடயம். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதலாவது மடிப்பு வரை பிதுக்கிய கிறீம், வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கைகள், விரல்கள் உட்பட, மூடும் அளவுத் தோலுக்குப் போதும். பயத்தினால் கடுகளவு தொட்டுப் பூசுபவர்களின் பிள்ளைகளுக்கே நோய் மாதக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் அதிகக் கிறீம் தேவைப்படுகிறது. கிறீமைவிடவும் முக்கியமானது, தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும் விடாமல் ஈரப்பதக் களிம்பு பூசுவது. குளிர்ந்தோ வெதுவெதுப்பாகவோ உள்ள நீரில் சிறிது நேரம் மட்டும் குளிக்க வார்த்து, வாசனைச் சவர்க்காரத்தைத் தவிர்த்து, துவாயால் ஒற்றியெடுத்த கையோடு, தோல் ஈரமாக இருக்கும்போதே பூசிவிடுங்கள். விலையுயர்ந்த களிம்பு தேவையில்லை. வெள்ளைப் பரபின் களிம்பு போதும். நகத்தைக் குறுக வெட்டிவிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: வீட்டில் வேறு யாருக்கும் இரவில் கடி இருந்தால், விரலிடுக்குகளில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால், அது கரப்பனாக இல்லாமல் சிரங்காக இருக்கக்கூடும். அதற்கு மருந்தும் வேறு. வீட்டார் எல்லாரும் ஒரே நாளில் பூச வேண்டும்.

மாமியின் கருத்துக்கு வருகிறேன். தயிர் குளிர்ச்சி, அதனால் கரப்பனைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பால் ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்குத் தயிர் புரதமும் கல்சியமும் நிறைந்த, எளிதில் செமிக்கும் உணவு. கரப்பனுக்குப் பயந்து பால், முட்டை, மீன் என்று ஒவ்வொன்றாக விலக்கி, தோலும் ஆறாமல் நிறையும் ஏறாமல் நிற்கும் பிள்ளைகளைக் கிளினிக்கில் காணும்போது மனம் மிகவும் வருந்துகிறது. உங்கள் மகன் இதுவரை தயிரைச் சாப்பிட்டு எந்தத் தீங்கும் நேரவில்லையென்றால், மத்தியானச் சோற்றோடு தாராளமாகக் கொடுங்கள். மாமியிடமும் இதை வாசித்துக் காட்டுங்கள். மீனும் தயிரும் சேர்ந்தால் தோல் வருத்தம் வரும் என்று அவர் சொன்னால், அதற்கும் ஆதாரமில்லை என்றே சொல்லுங்கள். அந்த நம்பிக்கை எப்படி வந்திருக்கக்கூடும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு: வெயிலில் கிடந்து பழுதடையத் தொடங்கிய சூரை போன்ற மீன்களில் ‘ஹிஸ்டமின்’ என்ற பொருள் சேரும், அதைச் சாப்பிட்டவருக்குச் சற்று நேரத்தில் முகம் சிவந்து உடலெங்கும் தடித்துக் கடிக்கும். அது மீனின் பழுது. பக்கத்திலிருந்த தயிரின் மீது பழி விழுந்திருக்கலாம்.

தோலில் தயிர் பூசுவது பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். வெடித்த தோலில் தயிரின் அமிலம் எரிவைத் தரும் என்பது சிறிய விடயம். பெரிய விடயம் என்னவென்றால், வாயால் உட்கொண்டு குடலில் பழகிய உணவை நிர்ப்பீடனத் தொகுதி பொறுத்துக்கொள்கிறது. அதே உணவு உடைந்த தோலால் நுழைந்தால் அதைப் பகையாகக் கொள்ளக்கூடும். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சவர்க்காரம் ஒன்றைப் பாவித்த 2,000 இற்கு மேற்பட்டோர், அதற்கு முன்னர் தடையின்றிச் சாப்பிட்டுவந்த கோதுமைக்கே ஒவ்வாமை கொண்டார்கள். பால் ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கு அதை நாமாகவே வரவழைத்துக்கொடுக்கக் கூடாது.

கேள்வி: எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஏழாம் மாதம். மூத்த மகளுக்குக் கரப்பன். கணவருக்குச் சிறு வயது முதல் தொய்வு. கர்ப்பகாலத்தில் புரோபயோட்டிக் எடுத்தால் பிறக்கும் பிள்ளைக்குக் கரப்பன் வராமல் தடுக்கலாம் என்று வாசித்தேன். நான் தினமும் தயிர் சாப்பிட்டால் போதுமா, அல்லது கப்சியூல் வாங்க வேண்டுமா?
— ஒரு சகோதரி, அக்கரைப்பற்று

பதில்: நீங்கள் வாசித்தது பெரும்பாலும் பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் செய்யப்பட்டு 2001 ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வைப் பற்றியதாக இருக்கும். குடும்பத்தில் ஒவ்வாமை வருத்தங்கள் உள்ள 159 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிரசவத்துக்கு முன்னர் இரண்டு தொடக்கம் நான்கு வாரங்களும், பிறந்த பின் தாய்க்கோ பிள்ளைக்கோ ஆறு மாதங்களும், ‘லக்ரோபசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி’ என்ற பற்றீரியாவை ஒரு பகுதியினருக்கும், வெறும் மாவை மற்றப் பகுதியினருக்கும் கொடுத்தார்கள். இரண்டு வயதில் பார்த்தபோது பற்றீரியா கிடைத்த பிள்ளைகளில் 23 சதவீதத்தினருக்கும் கிடைக்காதவர்களில் 46 சதவீதத்தினருக்கும் எக்சிமா இருந்தது. பாதிக்குப் பாதி குறைந்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியது, பரவியதில் வியப்பில்லை.

ஆனால் அதே பற்றீரியாவை ஏறக்குறைய அதே முறையில் ஜேர்மனியில் கொடுத்துப் பார்த்தவர்கள் 2008 இல் வெளியிட்ட முடிவில், எக்சிமா வந்தோர் ஒரு பக்கம் 28 சதவீதம், மறுபக்கம் 27.3 சதவீதம், பயன் எதுவுமில்லை. அதே ஆண்டில் நியூசிலாந்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் அறிவூட்டுவது. அங்கே குழந்தைகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ‘லக்ரோபசிலஸ் ரம்னோசஸ் எச்என்001’, இன்னொன்றுக்கு ‘பிபிடோபற்றீரியம்’ வகையைச் சேர்ந்த வேறொரு நுண்ணுயிர், மூன்றாவதுக்கு வெறும் மா என்று கொடுத்தார்கள். முதற் கூட்டத்தில் எக்சிமா ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது, இரண்டாவதில் குறையவேயில்லை.

இதை விளங்கிக்கொள்ள நம் வயலுக்கே வாருங்கள். ஏ.ரி. 362 உம் நெல்தான், பி.ஜி. 94-1 உம் நெல்தான். ஆனால் ஒன்று சிவப்பரிசி, மற்றது வெள்ளை. ஒன்றைக் கேட்ட விவசாயியிடம் மற்றதைக் கொடுத்து, ‘எல்லாம் நெல்தானே’ என்று சொன்னால் அவர் ஏற்கமாட்டார். பற்றீரியாவிலும் அப்படியே. இனத்தின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தும் இலக்கமும்தான் அது எந்த விதை என்பதைச் சொல்கின்றன. ஒரு விதையின் விளைச்சலை மற்றதன் கணக்கில் எழுத முடியாது. ‘ஜிஜி’ என்ற அந்தப் புகழ்பெற்ற விதை பாலிலிருந்து வந்ததுமில்லை. கோர்பாக், கோல்டின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆரோக்கியமான ஒரு மனிதரின் குடலிலிருந்து பிரித்தெடுத்து, தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளை அதற்கு வைத்தார்கள். ஆகவே தயிர்முட்டியைப் பார்த்து, பின்லாந்தின் 23 சதவீதத்தை நாம் எதிர்பார்க்க முடியாது.

உலக ஒவ்வாமை அமைப்பு 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒவ்வாமைக் குடும்பத்துக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் புரோபயோட்டிக் எடுப்பதை ஒரு யோசனையாகக் கூறியது; அதற்கான ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்பதையும் அதே வரியில் நேர்மையாகச் சொன்னது. கப்சியூலுக்குச் செலவழிக்கும் வசதி உங்களுக்கு இருந்து, பெட்டியில் விதையின் முழுப் பெயரும் எண்ணிக்கையும் அச்சிடப்பட்டிருந்து, உங்கள் கர்ப்பிணிக் கிளினிக் வைத்தியரும் சம்மதித்தால், எடுப்பதை நான் தடுக்கமாட்டேன். வசதியில்லையென்றால், பிள்ளைக்கு எதையோ மறுத்துவிட்டதாக எண்ணி ஒரு நாளும் வருந்த வேண்டாம். கொதிக்கவைத்த பாலில் உறைந்த தயிரை உணவாக விரும்பியவரை சாப்பிடுங்கள். கர்ப்பத்தில் அது நல்லது. கரப்பனுக்குப் பயந்து முட்டையையோ மீனையோ விலக்காதீர்கள். தாய் பத்தியம் காப்பதால் பிள்ளையின் கரப்பன் தடைப்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிறந்தபின் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவுகளைத் தாமதமின்றித் தொடங்குதல் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதையே பின்பற்றுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பிள்ளை மாதம் நிறையுமுன் பிறந்தால், வைத்தியசாலையின் சொல்லில்லாமல் எந்தப் புரோபயோட்டிக் துளியையும் வாயில் விட வேண்டாம். அத்தகைய குழந்தைகளின் இரத்தத்தில் இந்த ‘நல்ல’ பற்றீரியாக்களே பரவி உயிராபத்து நேரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 இல் எச்சரித்திருக்கிறது.

கேள்வி: நான் பரம்பரையாக எருமைப் பட்டி வைத்துத் தயிர் விற்பவன். தொழிற்சாலை யோகட்டில்தான் நல்ல பற்றீரியா இருக்கிறது, முட்டித் தயிரில் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் என் தயிர் தோல் வருத்தத்துக்கு மருந்து என்று கேட்டு வாங்குகிறார்கள். நான் அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும்?
— ஒரு வாசகர், வெல்லாவெளி

பதில்: உங்கள் கடிதம் என்னைப் படுவான்கரையில் இருந்த என் அம்மப்பாவின் பட்டிக்கே கொண்டுபோய் விட்டது. அம்மம்மா பாலைக் கொதிக்கவைத்து இறக்கி, விரல் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து, முந்தைய நாள் தயிரில் ஒரு கரண்டியைக் கரைத்து ஊற்றுவார். அவர் அறியாமலே அங்கே துல்லியமான விஞ்ஞானம் நடந்துகொண்டிருந்தது. கொதிப்பு நோய்க்கிருமிகளைக் கொல்கிறது; உறை தாங்கக்கூடிய வெதுவெதுப்பில் லக்ரோபசிலஸ், ஸ்ட்ரெப்ரோகொக்கஸ் போன்ற பற்றீரியாக்கள் பாலின் வெல்லத்தைப் புளிப்பாக்கிப் பெருகுகின்றன; புளிப்பில் பாலின் புரதம் இறுகுகிறது; மண் முட்டியின் நுண்துளைகள் மிகுதி நீரை உறிஞ்சிக்கொள்வதால், கவிழ்த்தாலும் சிந்தாத கட்டித் தயிர் கிடைக்கிறது. எருமைப் பாலின் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம், பசுப்பாலின் கொழுப்போ அதன் அரைவாசியைச் சற்றே தாண்டும். நம் தயிரின் திரட்சிக்கு அதுவும் காரணம்.

ஆகவே முட்டித் தயிரில் பற்றீரியா இல்லை என்பவர்களின் கூற்று தவறு. பற்றீரியா இல்லாவிட்டால் அது பாலாகவே இருந்திருக்கும். வித்தியாசம் இதுதான்: யோகட்டில் எந்தெந்தப் பற்றீரியா என்று தொழிற்சாலை தீர்மானித்து இடுகிறது, சர்வதேச உணவு நியமப்படி ஒரு கிராமில் குறைந்தது ஒரு கோடி இருக்க வேண்டும். உங்கள் முட்டியில் உங்கள் வீட்டு உறை பரம்பரையாகக் கொண்டுவந்த கலப்புக் கூட்டம் இருக்கிறது. சிலவேளை மதுவமும் சேர்ந்திருக்கும். பட்டிக்குப் பட்டி, காலத்துக்குக் காலம் அது மாறும். சுவையின் அழகு அதில்தான் இருக்கிறது. மருந்தென்று சொல்ல முடியாமல் இருப்பதன் காரணமும் அதுவே, ஏனெனில் இன்று ஒருவர் வாங்கிய முட்டியில் இருந்தது நாளைய முட்டியில் இருக்கும் என்று உங்களாலோ என்னாலோ உறுதி கூற முடியாது.

புளித்த பாலிலிருந்து ஆரோக்கியம் வருகிறது என்ற எண்ணத்தை விஞ்ஞான உலகில் நிலைநாட்டியவர் பரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மெச்னிக்கோவ். உடலில் கிருமிகளை விழுங்கும் கலங்களைக் கண்டறிந்ததற்காக 1908 இல் நோபல் பரிசு பெற்ற அவர், பல்கேரிய நாட்டு மக்களின் நீண்ட ஆயுளுக்குப் புளித்த பாலே காரணம் என்று கருதித் தாமும் நாள்தோறும் அருந்தினார். அந்தப் பாலிலிருந்த பற்றீரியாவை 1905 இல் பல்கேரிய மாணவர் கிரிகோரோவ் விவரித்திருந்தார். பின்னர் வந்தவர்கள் அந்தப் பற்றீரியா மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்று கண்டார்கள். இவ்வளவு பெரிய மேதையின் நம்பிக்கையையும் அளந்து பார்த்தே ஏற்றார்கள் என்பதால், நம் முட்டியையும் அளந்து பார்க்குமுன் மருந்தென்று விற்க வேண்டாம்.

வாங்க வருபவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: பாலை நன்கு கொதிக்கவைத்தே உறையிட்டேன், முட்டி புதியது, ஊசி போட்ட எருமையின் பால் இதில் இல்லை. இந்த மூன்றும் பொய்யில்லாமல் சொல்ல முடியுமானால் உங்கள் தயிர் யாருக்கும் தாழ்ந்ததில்லை. கொதிக்காத பாலால் புருசெல்லோசிஸ் என்ற விடாக்காய்ச்சல் வரக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏறிய எருமையின் பால் உறையாமல் நீராய் நிற்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். உறையின் பற்றீரியாவை அந்த மருந்து கொன்றுவிடுகிறது. அந்தப் பால் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகக் கூடாது. கரப்பனுக்கு மருந்தென்று கேட்டு வருபவருக்குத் தயிரைக் கொடுங்கள், கூடவே தோல் கிளினிக்குக்கும் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பேத்திக்கு எட்டு மாதம். கன்னத்தில் கரப்பன் இருக்கிறது. முதற்தடவையாக ஒரு கரண்டி தயிர் தீத்தியபோது, சில நிமிடங்களில் வாயைச் சுற்றித் தடித்து, பிறகு சத்தி எடுத்தாள். தயிரில் பால் முறிந்துவிடுவதால் ஒவ்வாமை வராது என்கிறார்கள். மறுபடி சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கலாமா? ஆட்டுப்பால் கொடுக்கலாமா?
— ஒரு அம்மம்மா, திருக்கோவில்

பதில்: வேண்டாம், அம்மா. வீட்டில் மறுபடி ஒரு துளிகூடக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

நீங்கள் விவரித்தது பால் புரதத்துக்கான உடனடி ஒவ்வாமையாக இருக்கக்கூடும். பால் புளிக்கும்போது பற்றீரியாக்கள் தின்பது பெரும்பாலும் அதன் வெல்லத்தை. ஆகவே பால் வெல்லம் செமிக்காமல் வயிறு ஊதுபவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வது உண்மை. ஆனால் ஒவ்வாமையைத் தூண்டும் கேசீன் போன்ற புரதங்கள் தயிரில் அப்படியே இருக்கின்றன. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், பால் சேராத பிள்ளைக்குத் தயிர் சேரும் என்ற பேச்சு ஊரில் நிலைத்திருக்கிறது. பசு, எருமை, ஆடு மூன்றின் பால் புரதங்களும் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை. ஒன்றுக்குப் பதற்றப்படும் உடல் மற்றதற்கும் பதற்றப்படும் வாய்ப்பு அதிகம்.

தாய்ப்பாலைத் தொடரட்டும். சோறு, பருப்பு, மரக்கறி, ஏற்கெனவே சாப்பிட்டு ஒத்துக்கொண்ட மற்ற உணவுகள் எதையும் நிறுத்த வேண்டாம். பால்மா, பிஸ்கட், மாஜரீன் போன்றவற்றின் பொதியில் பால் சேர்ந்திருக்கிறதா என்று மகளை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரமே பிள்ளையைச் சிறுவர் நோய்க் கிளினிக்குக்குக் கொண்டுபோய், எத்தனை மணிக்குத் தயிர் கொடுத்தது, எத்தனை நிமிடத்தில் தடித்தது, எவ்வளவு நேரத்தில் மாறியது என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். தடிப்பைக் கைபேசியில் படம் எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள். இத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலானோர் வளர வளரப் பாலைத் தாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் எப்போது, எப்படி மறுபடி கொடுப்பது என்பதை வைத்தியசாலையில், மருந்து கையருகே இருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். தவறுதலாக எப்போதாவது வாயில் பட்டு, உதடோ கண்ணோ வீங்கினால், மூச்சு இழுத்தால், குரல் மாறினால், பிள்ளை சோர்ந்து துவண்டால், வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள். அந்த இலக்கத்தைத் தொலைபேசிக்கு அருகில் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவைத்து, வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள்.